எழுத்து மறையும் அளவு

எந்த பிடிஎஃப் கோப்பைத் திறந்தாலும் அக்கா முதலில் செய்கிற காரியம் ஒன்றுதான். பக்கங்களையெல்லாம் சின்னச் சின்னப் படங்களாகத் திரையில் பரப்புவார். பிறகு அவற்றைச் சுருக்குவார். இன்னும் சுருக்குவார். எழுத்துகள் வெறும் சாம்பல் நிறக் கோடுகளாகிப் போய், ஒரு வார்த்தைகூடப் படிக்க முடியாது என்கிற அளவு வந்ததும் நிறுத்துவார். நாற்காலியைக் காலால் உந்திப் பின்னால் தள்ளிக்கொண்டு, கைகளைக் கட்டிக்கொண்டு பார்ப்பார். அவ்வளவுதான். முக்கால்வாசி வேலை அங்கேயே முடிந்துவிடும்.

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே இதைப் பார்த்து, இந்த அம்மாவுக்குக் கணினி சரியாகத் தெரியாது போலிருக்கிறது என்று நினைத்தேன். பெரிதாக்கிக் காட்டட்டுமா என்று கேட்டேன். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை.

"எழுத்து தெரிஞ்சா கண்ணு படிக்கப் போயிரும்லா. அப்புறம் பாக்காது."

ஜொகூர் பாருவை ஒட்டிய தெப்ராவில் ஒரு டயர் கடைக்கு மேல்மாடியில் எங்கள் அலுவலகம். முதலாளி, அக்கா, நான் என்று மூன்றே பேர். தொழிற்சாலைகளும் கிளினிக்குகளும் வழக்கறிஞர்களும் பழைய காகிதங்களைப் பெட்டி பெட்டியாகக் கொண்டுவந்து போடுவார்கள். நாங்கள் அவற்றை ஸ்கேன் செய்து, கோணலை நிமிர்த்தி, இரண்டு முறை வந்ததை எடுத்துவிட்டு, வரிசைப்படுத்தி, ஒரே கோப்பாக்கித் தருவோம். கீழே டயருக்குக் காற்று அடிக்கும் சத்தம், மேலே ஸ்கேனர் காகிதம் இழுக்கும் சத்தம். இரண்டும் ஒன்றோடொன்று போட்டி போட்டுக்கொண்டிருக்கும்.

அவரை எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிட்டோம். முதலாளி சீனர், அக்காவைவிடப் பத்து வயது பெரியவர். அவரும் அக்கா என்றே கூப்பிடுவார். அதுதான் பெயர் என்றே நினைத்திருக்கிறார் என்பது ஒரு தீபாவளிக்குத்தான் தெரிந்தது. வாழ்த்து அட்டையில் 'மிஸ் அக்கா' என்று எழுதிக் கொடுத்தார். அக்கா அதைத் திருத்தவில்லை. நானும் இங்கே அவர் பெயரை எழுதப் போவதில்லை.

என்னைப் பற்றியும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டில் பள்ளிப் படிப்பை முழுதாக முடித்த முதல் ஆள் நான். டிப்ளோமா வாங்கிய முதல் ஆளும் நான்தான். அப்பா நான்காம் வகுப்போடு நிறுத்திவிட்டு லாரிக்குப் போனவர். அம்மாவுக்குக் கையெழுத்து மட்டும் போட வரும். இதைச் சொல்லும்போது எனக்குத் தயக்கம் கிடையாது, முதுகு தானாக நிமிரும். பட்டமளிப்பு விழாப் படத்தை மேசையில் வைத்துக்கொண்டுதான் வேலை பார்த்தேன். அக்கா அந்தப் படத்தை முதல்முறை பார்த்தபோது வாழ்த்துச் சொல்லவில்லை. தொப்பியின் குஞ்சம் எனக்கு மட்டும் வலப்பக்கம் தொங்குகிறது, பின்னால் நிற்கிறவர்களுக்கெல்லாம் இடப்பக்கம் தொங்குகிறது என்றார். இரண்டு வருடமாக எங்கள் வீட்டில் மாட்டியிருந்த படம் அது. யாருமே கவனிக்கவில்லை. அன்றிலிருந்து அவர் எனக்கு வைத்த பெயர் டிப்ளோமா.

அக்கா ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் பதினான்கு வருடம் நுண்ணோக்கிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவர். நகத்தில் பாதிகூட இல்லாத சில்லுகள் தட்டுத் தட்டாக வரும். கீறல் இருப்பதைப் பொறுக்கித் தள்ள வேண்டும். தொழிற்சாலை வேறு நாட்டுக்குப் போய்விட்டது, அக்கா எங்கள் டயர் கடை மாடிக்கு வந்துவிட்டார். ஒரு தட்டில் இருநூறு சில்லு இருக்கும்போது கீறலை எப்படித் தேடுவீர்கள் என்று ஒருநாள் கேட்டேன். தேடவே கூடாது என்றார். எல்லாம் ஒன்றுபோல இருக்கும்போது, ஒன்றுபோல இல்லாதது தானாகக் கையைத் தூக்குமாம்.

அது உண்மைதான். ஒரு தொழிற்சாலையின் இயந்திரக் கையேடு, ஆயிரத்துச் சொச்சம் பக்கம். அக்கா வேகமாக உருட்டிக்கொண்டே போய் நடுவில் ஒரு பக்கத்தைத் தொட்டு, இது வேறு புத்தகத்தின் பக்கம் என்பார். அதே எழுத்துரு, அதே நிறுவனச் சின்னம். ஓரத்து வெள்ளை இடம் மட்டும் ஒரு நூல் அளவு அகலம். படித்துப் பார்த்தால் உண்மையிலேயே அது வேறு இயந்திரத்தைப் பற்றியதாக இருக்கும். யார் ஸ்கேன் செய்த பக்கம் என்றுகூடச் சொல்லிவிடுவார். நான் வைத்தது இடப்பக்கம் சாயுமாம், முதலாளி வைத்ததில் மேல் மூலையில் கட்டைவிரல் நிழல் விழுமாம்.

இன்னொரு பழக்கமும் உண்டு. மிகவும் சந்தேகமான கோப்பு என்றால் எல்லாப் பக்கங்களையும் தேர்ந்தெடுத்து ஒரே அடியாகத் தலைகீழாகச் சுழற்றிவிடுவார். அப்போதுதான் கண் அடங்கி உட்காருமாம். தலைகீழாகத் தொங்கும் ஐந்நூறு பக்கங்களுக்கு முன்னால் அவர் மைலோவை உறிஞ்சிக்கொண்டு அமைதியாக இருப்பார். பக்கத்து மேசையில் எனக்குத் தலை சுற்றும்.

இந்தப் பார்வை கணினியோடு நிற்காது. மாடிப்படியில் நான் ஏறி வரும்போதே, இடது செருப்பு தேய்ந்துவிட்டது, மாற்று என்பார். ஒருநாள் முதலாளியிடம் அவருடைய வாய் ஒரு பக்கம் லேசாக இறங்கியிருக்கிறது, டாக்டரிடம் போங்கள் என்று சொல்லி, அவர் சிரித்து, அக்கா சிரிக்காமல் நின்று, கடைசியில் அவர் போனார். நல்லவேளையாகப் போனார். இரண்டு வாரம் கழித்து வந்தவர் ஒரு பெட்டி ஆரஞ்சுப் பழத்தை அக்காவின் மேசையில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். அதற்குப் பிறகு எனக்குக் கொஞ்சம் பயமாகவே இருந்தது. ஒருவர் நம்மைப் படிக்காமல் பார்த்துக்கொண்டே இருக்கிறார் என்பது சுலபமான விஷயம் இல்லை.

அந்தப் பயத்தில் ஒரு சின்னத்தனம் செய்தேன். அக்காவுக்குப் படிக்கத் தெரியாது, அதை மறைக்கத்தான் இந்தச் சுருக்கலும் சுழற்றலும் என்று எனக்குள் ஒரு முடிவு. எங்கள் பக்கம் அப்படி மறைக்கிறவர்களை நான் அறிவேன். என் அம்மாவே கண்ணாடி கொண்டுவர மறந்துவிட்டேன் என்று சொல்லி விண்ணப்பப் பாரங்களை என்னிடம் நீட்டுவாள். ஒருநாள் ஒரு வழக்கறிஞரின் ஆங்கிலக் கடிதத்தை அக்காவின் முன்னால் வைத்தேன். இந்த இரண்டாவது பத்தியை வாசித்துச் சொல்லுங்க அக்கா, எனக்கு மங்கலாகத் தெரிகிறது என்றேன். குரலை எவ்வளவு இனிமையாக வைத்துக்கொண்டேன் என்பது இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

அக்கா வாசித்தார். தடுமாற்றமே இல்லை. நான் அகராதி பார்த்துத் தெரிந்துகொண்ட சட்ட வார்த்தைகளை உச்சரிப்புச் சுத்தமாக வாசித்தார். பத்தி முடிந்ததும் காகிதத்தைத் திருப்பி என்னிடம் நீட்டினார்.

"வேற?"

அவ்வளவுதான் கேட்டார். கோபம் இல்லை. நான் கழிப்பறைக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன். மதியம் அவருடைய சாப்பாட்டிலிருந்து ஒரு வறுத்த மீன் என் தட்டுக்கு வந்தது.

அவரை இன்று நான் எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் கோத்தா திங்கியிலிருந்து வந்த ஒரு பெட்டி.

ஒரு பெண் வழக்கறிஞர் அதைத் தானே தூக்கிக்கொண்டு படியேறி வந்தார். உள்ளே ஒரு எண்ணெய்ப்பனைத் தோட்டத்தின் பெரட்டுத் தாள்கள். காலையில் வேலைக்கு வந்தவர்களின் பெயரைக் கூப்பிட்டுக் குறியிடும் வருகைத் தாள்கள் அவை. ஒரு வேலைக் குழுவுக்கு மாதம் ஒரு தாள். தோட்டத்தை விற்கும்போது, பத்து வருடம் இடைவிடாமல் வேலை செய்தவர்களுக்கு வீடு தருவதாகக் கம்பெனி ஒப்புக்கொண்டிருந்தது. மற்ற எல்லோருக்கும் கிடைத்துவிட்டது. அஞ்சலை என்கிற ஒரு அம்மாவுக்கு மட்டும் இல்லை. நடுவில் ஒரு மாதம் அவர் வேலையை விட்டுவிட்டு சிகாமட்டில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போய்விட்டு, பிறகு புதிதாகச் சேர்ந்தார் என்று கம்பெனி சொன்னது. அந்த மாதத்தின் தாள் எங்கும் இல்லை. பத்து வருடத்துக்கு நூற்றிருபது தாள் இருக்க வேண்டும். எழுத்து உள்ளது நூற்றுப் பத்தொன்பதுதான் இருக்கிறது, ஒன்று வெள்ளத்தில் போயிருக்கும் என்றார் வழக்கறிஞர். அஞ்சலை அம்மா அப்போது தங்கியிருந்தது கம்பெனியின் பழைய லைன் வீட்டில். அதையும் இடிக்கப் போகிறார்கள்.

அந்தத் தாள் தொலைந்தது தொலைந்ததாகவே இருக்கட்டும், மீதியையாவது வரிசையாக அடுக்கித் தாருங்கள், அஞ்சலை அம்மாவின் விசாரணைக்காக நாளை மாலை நான்கு மணிக்குள் ஒரே கோப்பாக இணையத்தில் ஏற்ற வேண்டும் என்றார் வழக்கறிஞர். அதில்தான் சிக்கல். தாள்கள் தோட்டத்து அலுவலகத்தில் வெள்ளத்தில் நனைந்தவை. மாதமும் வருடமும் எழுதியிருந்த மேல் மூலை பெரும்பாலானவற்றில் இற்றுப்போயிருந்தது. பக்க எண் கிடையாது. உலர்த்திய யாரோ வரிசையைக் கலைத்திருந்தார்கள்.

நான்தான் ஸ்கேன் செய்தேன். தாள்களின் பின்பக்கம் வெறுமையாக இருந்ததால், வெற்றுப் பக்கங்களைத் தானாக நீக்கும் வசதியைப் போட்டேன். ஆனால் பின்பக்கத்திலும் வெள்ளக்கறை இருந்ததால் மென்பொருள் அவற்றை வெற்றுப் பக்கமாக ஒப்புக்கொள்ளவில்லை. கறையைப் பொருட்படுத்தாதே என்று அதன் அளவை ஏற்றி வைத்தேன். எல்லாப் பின்பக்கமும் அழகாகப் போய்விட்டன. என் கெட்டிக்காரத்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன். முழுதும் முடிந்ததும் பெட்டியை மூடிக் கட்டினேன்.

பிறகு வரிசை. நான் படித்தேன். எந்தப் பெயர் எப்போது வருகிறது, எப்போது மறைகிறது என்று அட்டவணை போட்டேன். மை கரைந்து நீலப் புகையாகியிருந்த தாள்களில் அது எடுபடவில்லை. சாயங்காலம் வரைக்கும் போராடி முப்பது தாள்கூடத் தேறவில்லை.

மறுநாள் காலை வழக்கறிஞர் வந்து பெட்டியை எடுத்துக்கொண்டு கோத்தா திங்கிக்குக் கிளம்பினார். அஞ்சலை அம்மாவிடம் ஒரு கையெழுத்து வாங்க வேண்டியிருந்தது. அவர் படியிறங்கியதும் அக்கா என் நாற்காலியைத் தன் காலால் தள்ளி ஓரமாக்கினார்.

"எந்திரி, டிப்ளோமா. நீ படிச்சது போதும்."

நூற்றுப் பத்தொன்பது பக்கங்களையும் தலைகீழாகச் சுழற்றினார். சுருக்கினார். எழுத்து மறைந்தது. அப்போதுதான் நான் அதை முதல்முறை கண்டேன். ஒவ்வொரு பக்கத்திலும் மிஞ்சியிருந்தது கறை மட்டும்தான். பழுப்பு நிறத்தில், ஒரு தீவின் வரைபடம் போல. சில பக்கத்தில் பாதித் தாளை மூடியிருந்தது, சிலவற்றில் உள்ளங்கை அளவு, சிலவற்றில் பொட்டு அளவு. தண்ணீர் அடுக்கின் ஒரு பக்கமிருந்து உள்ளே ஊறிப் போயிருக்கிறது. மேல் தாளில் பெரிய கறை, கீழே போகப் போகச் சிறிய கறை. அக்கா பக்கங்களைப் பிடித்து இழுத்து இழுத்து இடம் மாற்றினார். பெரிய தீவுகள் முன்னால், சின்னத் தீவுகள் பின்னால். அவர் கை போகிற வேகத்துக்கு என் கண் போகவில்லை. மூலை பிழைத்திருந்த ஏழெட்டுத் தாள்களின் மாதங்களை மட்டும் நான் பெரிதாக்கிப் பார்த்துச் சொன்னேன். ஒன்றுகூடத் தவறான இடத்தில் இல்லை.

மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் வரிசை முடிந்துவிட்டது. அக்கா முதல் பக்கத்துக்குப் போய் கீழ்நோக்கிய அம்புக்குறி விசையை அழுத்திப் பிடித்தார். பக்கங்கள் ஓடின. திரையில் அந்தக் கறை அசைந்தது. கடல் வற்றுவதைப் போல, கரையிலிருந்து மெல்ல மெல்லப் பின்வாங்கியது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. இன்னொரு முறை என்று கெஞ்சினேன். அவர் மறுபடி ஓட்டினார். நான் கைதட்டினேன் என்றுகூட நினைக்கிறேன்.

அக்கா தட்டவில்லை. மூன்றாவது முறை ஓட்டினார். நான்காவது முறை ஓட்டி நடுவில் விரலை எடுத்தார்.

"அலமாக். இங்க ஒண்ணு குதிக்குது."

எழுபத்து மூன்றாவது பக்கத்தில் கறையின் ஓரத்தில் நாக்கு போல ஒரு நீட்சி. அடுத்த பக்கத்தில் அந்த நாக்கு உள்ளே இழுத்துக்கொண்டிருந்தது. மற்ற இடங்களில் நெல்மணி அளவு சுருங்குகிற கறை இங்கே இரண்டு நெல்மணி சுருங்கியிருந்தது. வழக்கறிஞர் சொன்ன தொலைந்த தாள் அதுவாகத்தான் இருக்கும் என்றேன். அக்கா தலையசைத்தார். தொலைந்த தாள் நனைந்த பிறகு தொலைந்ததா, நனையும் முன்னாலேயே இல்லையா என்று என்னிடம் கேட்டார். எனக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. நனையும்போது அந்தத் தாள் அடுக்கில் இல்லையென்றால் கறை அந்த இடத்தில் குதித்திருக்காது. இடைவெளி இருக்கிறதென்றால், வெள்ளம் வந்த அன்று அந்தத் தாள் அங்கே இருந்திருக்கிறது. உலர்த்தியவர்கள் கையிலும் இருந்திருக்கலாம். பெட்டியிலும் இருந்திருக்கலாம்.

ஸ்கேனர் எழுதி வைக்கும் பதிவைத் திறந்தேன். இருநூற்று நாற்பது பக்கங்கள் ஓடியிருந்தன. அதாவது நூற்றிருபது தாள். நீக்கப்பட்ட வெற்றுப் பக்கங்கள் நூற்றிருபது என்று இருக்க வேண்டும். நூற்றிருபத்தொன்று என்று இருந்தது.

"அக்கா, அத நான்தான் தூக்கிட்டேன்."

சொல்லிவிட்டு நின்றேன். கறையைப் பொருட்படுத்தாதே என்று மென்பொருளுக்கு நான் கட்டளையிட்டதையும் சொன்னேன். அவர் திட்டுவார், டிப்ளோமா என்று இழுத்துச் சொல்வார் என்று காத்திருந்தேன். அவர் கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டிருந்தார். பெட்டி எங்கே போய்க்கொண்டிருக்கிறது என்று கேள் என்றார்.

வழக்கறிஞருக்குப் போன் செய்தேன். அவர் கையெழுத்து வாங்கிக்கொண்டு திரும்பும் வழியில் உலு திராமில் ஒரு சாப்பாட்டுக் கடையில் இருந்தார். அங்கேயே இருக்கச் சொன்னோம். முதலாளி கதவருகே வந்து என்ன விஷயம் என்றார். அக்கா மலாயில் இரண்டு வாக்கியம் சொன்னார். போ போ என்று அவரே எங்களுக்குப் படியில் வழிவிட்டார்.

அக்காவின் பழைய கஞ்சில் காரில் குளிர்சாதனம் வேலை செய்யாது. நான்கு கண்ணாடிகளையும் இறக்கிவிட்டுப் போனோம். அக்கா அன்று ஓட்டியதுபோல் அதற்கு முன்னும் பின்னும் ஓட்டியதில்லை. ஒவ்வொரு லாரியையும் தாண்டும்போது நான் இருக்கையைப் பிடித்துக்கொண்டேன். பயந்தது லாரிக்கு இல்லை. பெட்டியில் அந்தத் தாள் இல்லாமல் போய்விட்டால் என்ன செய்வது, இருந்தும் அது உண்மையிலேயே வெற்றுத் தாளாக இருந்துவிட்டால் என்ன செய்வது என்று மாறி மாறி ஓடியது. அஞ்சலை அம்மாவை நான் பார்த்ததே இல்லை. ஆனால் அவருடைய வீட்டை என் கையால் குப்பையில் போட்டுவிட்டது போல இருந்தது.

கடைக்கு வெளியே கார் நிறுத்தும் இடத்தில் வெயில் கொளுத்தியது. வழக்கறிஞர் காரின் பின்பக்கத்தைத் திறந்தார். தாள்களை அள்ளிக் கொடுத்தார். எழுத்து இருந்தவற்றை நான் ஒதுக்கினேன். அடியில் ஒரு தாள், பழுப்பாக, வெறுமையாக. அதைப் பெட்டியின் அட்டை என்று நினைத்து அடியில் போட்டுவைத்தாராம் வழக்கறிஞர். நான் முகத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அக்கா என் கையிலிருந்து வாங்கினார். நேராகப் பார்க்கவில்லை. தாளைப் படுக்க வைத்து, கண்ணுக்கு நேராகத் தூக்கி, வெயில் பக்கம் சாய்த்தார். மெல்ல இப்படியும் அப்படியும் அசைத்தார். ஒரு கோணத்தில் தாள் முழுவதும் மினுங்கியது. வரிசை வரிசையாக, ஈயத்தின் பளபளப்பு. பென்சில்.

"அசையாம பிடிச்சிருக்கேன். நீ படி."

நான் அவருடைய தோளில் தாடையை வைத்துக்கொண்டு, அந்தக் கோணத்தில் கண்ணை வைத்துப் படித்தேன். ஒவ்வொரு பெயராக வாய்விட்டுப் படித்தேன். அஞ்சலை ஏழாவது பெயர். மாதம் முழுவதும் குறி இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகள் மட்டும் காலி. அதை இரண்டாவது முறையும் சத்தமாகப் படித்தேன். வழக்கறிஞர் அந்த வெயிலில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

பிறகு எழுந்து அஞ்சலை அம்மாவுக்கே போன் போட்டுச் சத்தமாக வைத்தார். அந்த மாதம் என்ன நடந்தது என்று கேட்டார்.

"பேரு எழுதற ஆபீஸ் கிராணி லீவுல போயிட்டாருங்க. எங்கள வேல வாங்குற மண்டோருதான் பேரு போட்டாரு, பென்சில்ல. நான் மொத நாளே சொன்னேனேம்மா, பென்சில் பென்சில்னு. நீங்க எழுதிக்கிட்டே இருந்தீங்க, கேக்கல."

அக்கா சிரித்ததை அன்றுதான் பார்த்தேன். காரின் மேல் கையை ஊன்றிக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

அலுவலகம் திரும்பி, எந்தத் தானியங்கி வசதியும் இல்லாமல் அந்த ஒரு தாளை ஸ்கேன் செய்தேன். கருமையைக் கூட்டினேன். குறிகள் ஒவ்வொன்றாக மேலே வந்தன. எழுபத்து மூன்றுக்கு அடுத்த இடத்தில் செருகினேன். அக்கா ஓட்டிப் பார்த்தார். நாக்கு இப்போது குதிக்கவில்லை. மூன்றரை மணிக்குக் கோப்பு ஏறிவிட்டது.

விசாரணை ஜொகூர் பாருவில் ஓர் அரசு அலுவலகத்தின் சின்ன அறையில் நடந்தது. அக்காவையும் கூப்பிட்டிருந்தார்கள். நான் விடுப்புப் போட்டுவிட்டுப் போனேன், போகாமல் எப்படி இருக்க முடியும்? கம்பெனியின் வழக்கறிஞர் இளைஞர், தமிழர், நல்ல கோட்டு. அவர் கேட்டது நியாயமான கேள்விதான். இந்தத் தாளில் மாதம் இல்லை, வருடம் இல்லை, பக்க எண் இல்லை. பதினைந்து வருடத்துக்கு முந்தைய தாளாக இருக்கலாம். இதன் இடம் இதுதான் என்று யார் சொன்னது? சொன்னவரின் தகுதி என்ன?

அக்கா மடிக்கணினியைத் திறந்தார். தகுதியைப் பற்றிப் பேசவில்லை. கோப்பைத் தலைகீழாக்கிச் சுருக்கினார். விசாரணை அதிகாரி முன்னால் குனிந்தார், ஏன் தலைகீழ் என்று கேட்டார். படிக்காமல் இருக்கத்தான் என்றார் அக்கா. பிறகு கம்பெனி வழக்கறிஞரைப் பார்த்தார்.

"தம்பி, கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பி நில்லுங்க. நான் ஒரு பக்கத்த எடுத்துடறேன். எதுன்னு சொல்ல மாட்டேன். அப்புறம் ஓட்டறேன், கறைய மட்டும் பாருங்க. குதிச்சா நிறுத்தச் சொல்லுங்க."

அதையே அதிகாரிக்கு மலாயில் சொன்னார். அதிகாரி சம்மதித்தார். இளைஞர் சிரித்துக்கொண்டே சுவரைப் பார்த்து நின்றார். அக்கா பென்சில் தாளைத் தேர்ந்தெடுத்து நீக்கியதை எங்கள் பக்கம் இருந்தவர்கள் எல்லோரும் பார்த்தோம். அதிகாரியும் பார்த்தார். இளைஞர் வந்து உட்கார்ந்தார். பக்கங்கள் ஓடத் தொடங்கின. கடல் வற்றியது. இருபது, முப்பது, ஐம்பது. அவர் சிரிப்பு எங்கோ நின்றுபோய்விட்டது. அவரும் வெறுமனே பார்க்கத் தொடங்கிவிட்டார் என்பது அவர் முகத்தில் தெரிந்தது.

"ஸ்டாப்."

சொன்ன பிறகுதான் தான் யாருடைய வழக்கறிஞர் என்று அவருக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். திரையில் எழுபத்து மூன்று. அறையில் யாரும் பேசவில்லை. அதிகாரி பேனாவை எடுத்து ஏதோ எழுதினார். பிறகு மலாயில், எனக்காக இன்னொரு முறை ஓட்டுங்கள் என்றார். அக்கா நீக்கிய பக்கத்தைத் திரும்ப வைத்து ஓட்டினார். கறை எங்கேயும் தடுக்காமல் கடைசி வரை போய், ஒரு பொட்டாகி, நின்றது.

பின் வரிசையில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார் அஞ்சலை அம்மா. அவருக்குத் திரை சரியாகத் தெரியவில்லை. என் முழங்கையைப் பிடித்து உலுக்கினார்.

"என்னம்மா ஆச்சு? எல்லாரும் ஏன் சும்மா இருக்காங்க?"

"வீடு உங்களுக்குத்தாம்மா" என்றேன்.

தீர்ப்புக் கடிதம் வருவதற்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. அதிகாரி அப்போது ஒரு வார்த்தையும் சொல்லியிருக்கவில்லை. முன்வரிசையிலிருந்து அக்கா திரும்பி, அதிகப்பிரசங்கி என்று என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் தலையைக் குனியவில்லை. அந்த அம்மாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு மறுபடியும் அதையே சொன்னேன், இந்தமுறை இன்னும் கொஞ்சம் சத்தமாக.